காலை வெயில் வீட்டுக்கு, சாயங்கால மழை ஊசிக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து பெங்களூரு ராமமூர்த்தி நகருக்குக் குடிவந்திருக்கிறீர்கள். மாமியாருக்குக் குளிர் தாங்காது, அதனால் அவருக்கு ஒரு கார்டிகன் (முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர்) கையாலேயே பின்னிக் கொடுக்க ஆசை. மஃப்ளரும் குழந்தைத் தொப்பியும் பின்னிய பழக்கம் உண்டு. கார்டிகன் இதுதான் முதல் தடவை. ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து சாயங்காலமானால் மழை கொட்டுகிறது, துணி காய்வதில்லை, பிள்ளைகளுக்கு லீவு, வீட்டு வேலை முடிந்தபாடில்லை. இப்போது ஆரம்பிக்கலாமா, மழை ஓயட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். இந்த ஊரில் மழை ஓயட்டும் என்று காத்திருந்தால் டிசம்பர் வந்துவிடும். மே மாதச் சராசரியே 100 மில்லிமீட்டருக்கு மேல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. செப்டம்பரில் மாதச் சராசரி 200 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும், அக்டோபரும் ஈரம்தான். திருச்சியில் அக்னி நட்சத்திரம் என்று வெளியே தலைகாட்ட முடியாத அதே நாட்களில் இங்கே மாலையில் இடி மின்னலோடு மழை பெய்யும். அடுத்த வீட்டுக் கன்னடக்கார அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு மழைக்கும் நட்சத்திரப் பெயர் சொல்லுவார். அசுவினி மழை, ஏப்ரல் கடைசியில் பரணி மழை, மே நடுவில் கிருத்திகை மழை, மே கடைசியில் ரோகிணி மழை. பரணி மழை பெய்தால் தரணியெல்லாம் விளையும் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு.

இந்த மழைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. சென்னையின் ஐப்பசி அடைமழை மாதிரி நாள் முழுக்க மூடிக்கொண்டு பெய்யாது. பெரும்பாலான நாட்களில் காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு மேல் கொட்டும். அப்படியானால் வெயில் தேவைப்படும் வேலை எல்லாம் காலைக்கு, வெயிலே தேவைப்படாத ஊசி வேலை மாலைக்கு. வேலை எல்லாம் முடிந்த பிறகு பின்னலாம் என்று வைத்துக்கொண்டால் ஒருநாளும் பின்ன மாட்டீர்கள், ஏனென்றால் வீட்டு வேலைக்கு முடிவு கிடையாது. மழை நேரத்தைப் பின்னலுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் எப்படியும் மாடிக்குப் போக முடியாது, கடைக்குப் போக முடியாது, வீட்டைத் துடைத்தாலும் சாரலும் செருப்புச் சேறும் திரும்ப வந்துவிடும்.

முதலில் துணி. உங்கள் கஷ்டத்தில் பாதி அதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மலை மாதிரி சேர்த்துப் போட்டுத் துவைக்கும் பழக்கத்தை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். தினம் ஒரு சுமை, எழுந்ததும் முதல் வேலையாக. எட்டு மணிக்குள் கொடியில் ஏறினால் மத்தியானம் ஒரு மணிக்குள் காய்ந்துவிடும். மெத்தை விரிப்புகளை ஒரே நாளில் போடாமல் நாளுக்கு ஒன்று போடுங்கள். ஜீன்ஸ், பள்ளி யூனிஃபார்ம் மாதிரி தடித்த துணிகளை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பாக்கெட்டை இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள். மெஷினில் துவைப்பவராக இருந்தால் கடைசியில் இன்னொரு தடவை ஸ்பின் மட்டும் விடுங்கள். அந்த ஐந்து நிமிடம், கொடியில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

காயாத துணியில் வரும் அந்த முடைநாற்றம் பாக்டீரியாவின் வேலை. துணி எவ்வளவு நேரம் ஈரமாகவே இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பெருகும். அதனால் வாசனைத் திரவம் ஊற்றி மறைப்பதைவிட, காயும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி. வீட்டுக்குள் போட வேண்டி வந்தால் துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, கொடிக்குக் கீழே தரை ஃபேனை வைத்து, ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஜன்னல் மூடிய படுக்கையறையில் உலர்த்தினால் ஈரம் முழுவதும் சுவரில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். சோப்புத்தூளையும் குறையுங்கள். அலசிப் போகாத சோப்பு துணியில் தங்கினால் பிசுபிசுப்பும் நாற்றமும் சேர்ந்தே வரும். துண்டுகளை மட்டும் வாரம் ஒரு தடவை சூடான தண்ணீரில் போட்டு எடுங்கள்.

மற்ற வேலைகளில் சிலவற்றை இந்த வருடம் கைவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வடாம் அதில் முதல். ஊரில் சித்திரையிலும் வடாம் இடலாம். இங்கே மாசி பங்குனியிலேயே இட்டு முடித்துவிட வேண்டும், இப்போது பாதி காய்ந்த வடாமைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் வீட்டுக்கும் ஓட வேண்டியிருக்கும். துணி மடிப்பதையும் பாத்திரம் அடுக்குவதையும் வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் ஒப்படையுங்கள். உதவி என்று கேட்காதீர்கள், அவர்கள் பங்கு என்றே சொல்லுங்கள். சாயங்காலம் முக்கால் மணி நேரம் நீங்கள் உட்காரும் உரிமை அதில்தான் இருக்கிறது. மாடித் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கிய மழைத் தண்ணீரைக் கவிழ்ப்பதை மட்டும் யாரிடமும் விட்டுவிடாமல் நீங்களே பாருங்கள். டெங்கு கொசு அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும்.

இனி கார்டிகன். மாமியார் புடவைதான் கட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். இதை மனதில் வைத்துத்தான் எல்லா முடிவையும் எடுக்க வேண்டும். கிடைக்கும் பேட்டர்ன்களில் பெரும்பாலானவை பேன்ட் சட்டைக்காரர்களுக்கு எழுதியவை. புடவைக்கு மேலே போடும் கார்டிகன் வேறு. இடது தோளில் முந்தானை மடிப்பு மொத்தமாக உட்கார்ந்திருக்கும், இடுப்பில் கொசுவம் புடைத்திருக்கும். ஆகவே மார்புச் சுற்றளவோடு 8 சென்டிமீட்டராவது கூட்டுங்கள். ஆர்ம்ஹோலை (கை சேரும் திறப்பை) ஒரு அங்குலம் ஆழமாக விடுங்கள். நீளம் இடுப்பெலும்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடட்டும். கீழே இறங்கினால் கொசுவத்தில் முட்டிச் சுருண்டு மேலே ஏறும். கழுத்து வி வடிவம்தான் வசதி, வட்டக் கழுத்து முந்தானையோடு சேர்ந்து தொண்டையை அடைக்கும். முந்தானையைக் கார்டிகனுக்கு உள்ளே விடுவாரா, மேலே போடுவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். மேலே போடுகிறவர் என்றால் தோளில் சேஃப்டி பின் குத்துவார். அது பின்னலை இழுத்து ஓட்டை போட்டுவிடும். அப்படிப்பட்டவருக்கு இடது தோளின் உள்பக்கம் கைவிரல் அகலத்தில் ஒரு பருத்தி நாடாவைத் தைத்துக் கொடுத்தால் பின் அந்த நாடாவைப் பிடித்துக்கொள்ளும்.

நூல் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: 8 ப்ளை (நடுத்தரத் தடிமன்), அக்ரிலிக்கும் உல்லனும் கலந்தது. பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் சராசரியாக 15, 16 டிகிரிக்குத்தான் இறங்கும். இந்த நகரத்தின் மிகக் குறைந்த பதிவே 1884 ஜனவரி 13 அன்று பதிவான 7.8 டிகிரி. இதற்கு இமயமலைக் குளிருக்கான தடித்த முழு உல்லன் வேண்டாம். மேலும் உல்லன் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். உடுத்துகிறவருக்கு அது சுகம், ஆனால் மழைக்காலத்தில் துவைத்துக் காயவைக்கிறவருக்குச் சோதனை. பருத்தி நூலை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். பின்னிய பருத்தி கனக்கும், நனைந்தால் தொங்கும், காய்வதற்கு எல்லாவற்றையும்விட நேரமெடுக்கும். அதைவிட மெல்லிய 4 ப்ளை அழகாக விழும்தான், ஆனால் 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) போட வேண்டியிருக்கும், முதல் கார்டிகனுக்குப் பொறுமை தாங்காது.

மார்பளவு 36 அங்குலம் என்றால் 450 முதல் 500 கிராம் தேவைப்படும். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் இருக்கும் சாய லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) எல்லாக் கண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். நம்பர் மாறினால் கடையில் தெரியாத நிற வித்தியாசம், போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கும்போது முதுகில் பட்டை பட்டையாகத் தெரியும். சிக்பேட்டைப் பக்கமோ சிவாஜி நகர் பக்கமோ போனால் நூல் பார்க்கலாம். பட்டனுக்கு அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட். நிறம் கறுப்போ கருநீலமோ வேண்டாம். மழை நேரத்து மங்கல் வெளிச்சத்தில், பாதி நாள் கரண்ட் இல்லாமல், அந்த நிறங்களில் கண்ணி கண்ணுக்கே தெரியாது. மாந்தளிர், வெங்காயச் சருகு, சாம்பல் மாதிரி நடுத்தர நிறம் எடுங்கள்.

ஊசி இரண்டு ஜோடி: 8 நம்பர், 10 நம்பர். நம் ஊரில் இன்னும் பழைய கணக்கில் விற்பதால் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்பது 4 மில்லிமீட்டர், உடம்புக்கு. 10 என்பது 3.25 மில்லிமீட்டர், அடி ரிப்புக்கும் (இழுபடும் வரிப் பின்னல்) பட்டன் பட்டிக்கும்.

அடுத்ததாக மாதிரித் துண்டு. இதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை வரும், தயவுசெய்து தாண்டாதீர்கள். 8 நம்பர் ஊசியில் 30 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), மறு வரிசை பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று நாலு விரல் உயரத்துக்குமேல் பின்னி, துவைத்து, காயவைத்து, பிறகு நடுவில் ஸ்கேலை வைத்து 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 22 வர வேண்டும். மாமியாரின் மார்பு 92, தளர்வு 8, மொத்தம் 100 சென்டிமீட்டர், அதற்கு 220 கண்ணி என்பது நம் கணக்கு. உங்கள் கை தளர்வாக ஓடி 22க்குப் பதில் 20 வந்தால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டராக வந்து நிற்கும். இரண்டே கண்ணி, அரைச் சாண் பக்கத்தில் வித்தியாசம். அப்படி வந்தால் 9 நம்பர் ஊசிக்கு மாறிப் பாருங்கள்.

இப்போதெல்லாம் வட்ட ஊசியில் கழுத்திலிருந்து ஒரே துண்டாக இறங்கும் முறையைத்தான் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தையல் இல்லை என்பது உண்மை. ஆனால் வீட்டு வேலைக்கு நடுவில் பின்னுகிற உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 200 கண்ணிக்கு மேல் உள்ள ஒரு வரிசை முடிய ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் குக்கர் கூப்பிடும், கதவு மணி அடிக்கும், மாடியில் துணி என்று யாராவது கத்துவார்கள். வரிசையின் நடுவில் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தால் அந்த இடத்தில் கண்ணி தளர்ந்து கோடு விழும், திரும்ப வரும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்ற குழப்பமும் வரும். பழைய முறைப்படி தனித்தனித் துண்டாகப் பின்னுங்கள்: முதுகு 110 கண்ணி, முன்பக்கம் இரண்டும் தலா 52, இரண்டு கை. முன்பக்கம் 55 வர வேண்டாமா என்றால், நடுவில் பட்டன் பட்டி வந்து அந்தக் குறையை நிரப்பிவிடும். தையலுக்குச் சேரும் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு கண்ணி கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கத் துண்டில் ஒரு வரிசை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், எப்போது எழுந்தாலும் வரிசை முடித்துவிட்டே எழலாம். மடியிலும் கனம் இருக்காது.

இந்த முறையில் இன்னொரு வசதி, வேலையைப் பிரிக்கலாம். ஆர்ம்ஹோல் வரை முதுகுத் துண்டு நேராக 30 சென்டிமீட்டர், ஏறக்குறைய 90 வரிசை. கை பாட்டுக்குப் போகும், புத்தி தேவையில்லை. பிள்ளைகள் சண்டை போட்டாலும், மாமியார் ஊர்க்கதை சொன்னாலும், கரண்ட் போனாலும்கூட அதைப் பின்னலாம். ஆர்ம்ஹோல் குறைப்பது, வி கழுத்துச் சரிவு, காஜா ஆகிய மூன்றுக்கும் எண்ணிக்கை வேண்டும். அவற்றை எல்லோரும் தூங்கிய பிறகோ, விடியற்காலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பத்து வரிசைக்கு ஒரு தடவை ஓரத்தில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோர்த்துவிட்டால் எங்கே நின்றோம் என்று நினைவு வைக்க வேண்டியதில்லை. கைகள் இரண்டையும் ஒரே ஊசியில், இரண்டு நூல் கண்டு வைத்து, பக்கத்துப் பக்கத்தில் பின்னுங்கள். நீளம் ஒரு வரிசைகூட மாறாது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். இந்த அளவுக்கு மொத்தம் சுமாராக 45,000 கண்ணி. நிமிடத்துக்கு 30 கண்ணி என்று வைத்தால் 25 மணி நேரம். தினமும் முக்கால் மணி என்றால் ஐந்து வாரம். பரணி மழையில் ஏற்றிய கண்ணியை ரோகிணி மழையில் முடித்துவிடலாம். டிசம்பர் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை, ஜூன், ஜூலையின் குளிர்ந்த காற்றுக்கே அவர் போட்டுக்கொள்வார்.

மழைக்காலப் பின்னலுக்கென்று சில கவனங்கள் உண்டு. பாத்திரம் தேய்த்த கையோடு உட்காராதீர்கள். சோப்பில் ஊறிய விரல்நுனி சொரசொரப்பாகி நூலின் இழையைப் பிடித்து இழுக்கும். ஒரு சிட்டிகைச் சர்க்கரையில் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு விரலில் தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு ஊசியை எடுங்கள். வெங்காயம், மஞ்சள் தொட்ட கை என்றால் சொல்லவே வேண்டாம், மஞ்சள் கறை உல்லனில் ஏறினால் போகாது. முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி ஈசல் வரும். அந்த நேரம் அறை விளக்கை அணைத்துவிட்டு வாசல் விளக்கை மட்டும் போடுங்கள், அரைமணியில் அடங்கிவிடும். இறகு பின்னலுக்குள் சிக்கினால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டிவரும். நூலைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல் பருத்திப் பையில் போட்டு மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். வேப்பிலை போடுவதானால் நிழலில் சருகாகக் காய்ந்த பிறகே போட வேண்டும், பச்சையாகப் போட்டால் அதுவே பூஞ்சை பிடிக்கும். சிட்டமாக (உருட்டாத பெரிய வளையமாக) வாங்கிய நூலை நாற்காலி முதுகில் மாட்டி உருண்டையாகச் சுற்றித் தரும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், லீவில் அவர்களுக்கும் பொழுது போகும். மாமியாருக்குக் கண் நன்றாக இருந்தால் அடி ரிப்பை அவரையே பின்னச் சொல்லலாம்.

பட்டன் பட்டிக்கு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது வரிசைக்கு ஒன்று எடுக்காதீர்கள். நாலு வரிசைக்கு மூன்று கண்ணி. அதிகம் எடுத்தால் பட்டி அலை அலையாக நெளியும், குறைத்து எடுத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பெண்கள் உடுப்பு என்பதால் காஜா வலப்பக்கம், பட்டன் இடப்பக்கம். வயதானவர் விரலுக்குப் பிடிமானமாகப் பெரிய பட்டன் ஐந்து போதும்; சின்னதாக ஒன்பது வைத்தால் பார்வைக்கு அழகு, ஆனால் மூட்டுவலிக்காரர் அதைப் போட்டுக்கொள்ளாமலேயே விட்டுவிடுவார்.

பின்னித் தைத்து முடித்ததும் ஒரு தடவை துவைத்துத்தான் கொடுக்க வேண்டும், அப்போதுதான் கண்ணிகள் சீராக அமரும். காலையில் வெயில் தெரியும் நாளாகப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கொஞ்சம் விட்டு, கால்மணி நேரம் ஊறவைத்து, அலசி, பிழியாமல் இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். உலர்ந்த குளியல் துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவது போலத் துண்டோடு சுருட்டி, மேலே முழங்காலால் அழுத்துங்கள். தண்ணீரெல்லாம் துண்டுக்குப் போய்விடும். பிறகு இன்னொரு துண்டின் மேல் அளவுப்படி விரித்து, ஃபேனுக்குக் கீழே படுக்கை வாட்டில் காயவிடுங்கள். கொடியில் மாட்டினால் கை முழங்காலுக்கு வந்துவிடும். ஈரக் காற்றில் இரண்டு நாள்கூட ஆகும், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். அக்ரிலிக் சூடு பட்டால் ஒரேயடியாகத் துவண்டுவிடும், மறுபடி எழும்பாது.

எடுத்து வைக்கும்போது அழுக்கோ வியர்வையோ இல்லாமல் துவைத்தே வையுங்கள். பூச்சி அதைத் தேடித்தான் வரும். அந்துருண்டை போடுவதானால் ஒரு எச்சரிக்கை: வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ வரப்போவதாக இருந்தாலோ அந்தத் துணிகளோடு போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். காய்ந்த வேப்பிலை போதும். மிஞ்சிய நூலில் ஒரு சிறு கண்டையும் கூடுதலாக ஒரு பட்டனையும் ஒரு துணிப்பையில் போட்டு கார்டிகனோடு சேர்த்தே வையுங்கள். முழங்கையில் தேய்ந்து ஓட்டை விழும்போது அதே சாயத்தில் நூலைக் கடையில் தேடினால் கிடைக்காது.